படகுத்துறையில் இருபத்தைந்து நிமிடம்

ரெங்கசாமியின் கேமராவில் கடிகாரம் எப்போதும் அரை மணி நேரம் பின்தங்கியே ஓடும். அது பழுது இல்லை, அவரே திருப்பி வைத்தது. பர்மாவில், பபேடான் பேட்டையில் இக்பாலின் டீக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்து போகிற யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த விளக்குப் பூஜைக்குள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் இன்சீன் வரைக்கும் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

இது பதினெட்டு வருடத்துப் பழக்கம். அவருடைய வாடிக்கைக்காரர்களுக்கு, தாலி கட்டும் படத்தின் மூலையில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்பத்தையே வாங்க மாட்டார்கள். அப்படி அச்சான ஒரு படம், முகூர்த்தம் முடிந்து ஏழு நிமிடம் ஆனதாகக் காட்டிவிட்டது. அந்த ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை மாமியார் வீட்டில் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை ஊரே அறியும். பால் திரிந்தால் ஏழு நிமிடம், கூரை ஒழுகினால் ஏழு நிமிடம். கேள்விப்பட்ட அன்று ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை கேமராவை எடுத்துக் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளினார். அதற்குப் பிறகு அவர் எடுத்த எந்தக் கல்யாணத்திலும் தாலி நேரம் தவறியதில்லை.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் போன் இல்லையா, போனில் மணி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எவன் போனை எடுத்துப் பார்த்து ராகுகாலம் வந்துவிட்டது என்று சொல்வான்? சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார முடியுமா? எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஆல்பம் வரும். ஆல்பத்தில் இருப்பதுதான் நேரம் என்று ஆகிவிடும். ரெங்கசாமி எடுத்தால் தாலி நல்ல நேரத்தில் ஏறும் என்று அவருக்கு ஒரு பேர். தெருவில் இருக்கிற பர்மியர்கள்கூட, பெரியவர் என்கிற மரியாதையோடு, "ஊ சாமி கை ராசியான கை" என்பார்கள்.

அந்தப் பேருக்கு வேட்டு வைத்தது சிகரெட் பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு சாமான்.

அதைக் கொடுத்தவன் அரவிந்த். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். போன தை மாதம் அவனுடைய அண்ணன் சிவராஜுக்குக் கல்யாணம். பெண் புஷ்பா, கியாக்தான் ஊர்க்காரி. அரவிந்த் ஊருக்கு வந்ததும் நேராக ஸ்டூடியோவுக்கு வந்து, கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டுகிற இடத்தில் அந்தக் கறுப்புச் சாமானைச் செருகிக் காட்டினான்.

"ஜி.பி.எஸ். மாமா. நீங்க ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் எந்த இடத்துல எடுத்தீங்கன்னு படத்துக்குள்ளேயே எழுதிடும். பொண்ணு கியாக்தான்ல கிளம்புறதுலேருந்து இன்சீன் கோயில் மண்டபம் வரைக்கும் எல்லாத்தையும் மேப்புல போட்டுக் காட்டலாம். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க பார்ப்பாங்க. இந்த விளக்கு சிவப்பா மினுக்கினா சாட்டிலைட்டைத் தேடுதுன்னு அர்த்தம். பச்சையானதும் எடுங்க."

ரெங்கசாமி மயங்கிப் போனார். முப்பது வருடமாகப் படம் எடுக்கிறார், ஒரு படமும் தான் எங்கே பிறந்தது என்று சொன்னதில்லை. அன்று மாலையே இக்பாலின் கடை வாசலில் ஒன்று, பாலத்து மேல் ஒன்று, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா விற்கிற அம்மாவின் தலைக்கு மேல் ஒன்று என்று இருபது படம் எடுத்துத் தள்ளினார். ஒவ்வொன்றும் வரைபடத்தில் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. மெனுவைக் குடைந்தபோது மட்டும் ஒரு கேள்வி வந்தது. கேமராவின் கடிகாரத்தை ஜி.பி.எஸ். நேரத்துக்குச் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. ரெங்கசாமி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்தினார்.

முன்வாசலைப் பூட்டினார், அவ்வளவுதான். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது அவருக்குத் தெரியாது. ஆனி மாதக் கடைசியில், ஒரு மழை நாளில் சிங்கப்பூரிலிருந்து வந்த அழைப்பில்தான் தெரிந்தது.

"மாமா, தப்புப் பண்ணிட்டேன்," என்றான் அரவிந்த். "வேலை மும்முரத்துல இத்தனை மாசமா தள்ளிப்போட்ட மேப்பை நேத்துதான் போட்டு முடிச்சேன். அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டிக்கிட்டிருந்தேன். தாலி கட்டுற படத்தைத் தொட்டா பத்து அம்பத்திரண்டுன்னு வருது. யோசிக்காம வாய்விட்டுப் படிச்சிட்டேன்."

"படத்து மூலையில பத்து இருபத்திரண்டுன்னுதானேப்பா இருக்கு?"

"அது கேமரா கடிகாரம். ஜி.பி.எஸ். தன் நேரத்தைத் தனியா உள்ள எழுதி வைக்கும் மாமா. சாட்டிலைட் நேரம். க்ரீன்விச் கணக்குல நாலு இருபத்திரண்டு. நம்ம ஊருக்கு ஆறரை மணி கூட்டணும்."

ரெங்கசாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமைக் கல்யாணம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். இருபத்திரண்டு நிமிடம் ராகுகாலத்துக்குள் ஏறிய தாலி அது.

அரவிந்த் தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னான். வைகாசியில் புஷ்பாவுக்கு மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. அதிலிருந்தே அவன் அம்மா தைலம்மாளுக்கு மனசு சரியில்லை. ஜோசியரிடம் போனாள். எந்த நேரத்தில் தாலி ஏறியது என்று அவர் கேட்டபோது ஆல்பத்தைக் காட்டினாள், அவர் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இப்போது இது தெரிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை புஷ்பாவின் அப்பா மாரிச்சாமி, புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப்போக வருகிறார். ஊர் உலகத்துக்கு அது வழக்கமான ஆடி அழைப்பு. ஆனால் ஆவணியில் திரும்பக் கூட்டி வரப்போவதில்லை என்று தைலம்மாள் முடிவுகட்டிவிட்டாள். சிவராஜ் அம்மா பேச்சைத் தட்டுகிறவன் இல்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மாமா. புது மெஷின், அரை மணி தப்பா வச்சிட்டேன்னு. அம்மா மெஷினைவிட உங்களைத்தான் நம்புவாங்க."

ரெங்கசாமிக்கு உயிர் வந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அவ்வளவுதானே. பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நகரத்தைச் சுற்றி வருகிற வட்ட ரயிலில் ஏறினார். ரயில் அசைந்து அசைந்து போனது. கீரைக்கட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அரவிந்த் அனுப்பியிருந்த வரைபடத்தை டேப்லெட்டில் திறந்தார். புஷ்பாவின் வீட்டு வாசல், பாகோ ஆற்றுப் பாலம், கோயில் கோபுரம், மண்டபம் என்று கியாக்தானிலிருந்து இன்சீன் வரைக்கும் ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாகப் பூத்திருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி தனியாக இருந்தது. ‘இடம் இல்லாத படங்கள் 11’ என்று போட்டிருந்தது. எதற்கென்று தெரியாமல் அதைத் தொட்டார்.

பதினோரு படத்திலும் புஷ்பாதான். மெரூன் பட்டுப்புடவை, கன்னத்தில் லேசாகத் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, முழுக் கல்யாண அலங்காரம். பின்னால் ஆறு, ஆற்றுக்கு நடுவே புத்தர் பகோடா. முதல் படத்து மூலையில் ஆறு இருபத்தெட்டு என்று இருந்தது. கடைசிப் படத்தில் ஆறு ஐம்பத்து மூன்று. வழக்கம்போல் மனசுக்குள் அரை மணி கூட்டினார். ஆறு ஐம்பத்தெட்டிலிருந்து ஏழு இருபத்து மூன்று வரை. கூட்டியதும் அவருக்கு அன்றைய காலை முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மாரிச்சாமி வாடகைக்குப் பிடித்த வேனில் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, வேன் கிளம்புகிற நேரம். ரெங்கசாமிதான் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்துப் படகுத்துறையில், பகோடா பின்னால் தெரிய மேப்புக்கு ஒரே ஒரு படம் என்றார். வீட்டில் பச்சையாக இருந்த விளக்கு படகுத்துறையில் சிவப்பாகிவிட்டது. கேமராவை ஒரு தடவை அணைத்துப் போட்டார். அப்போதும் சிவப்பாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு வானத்துச் சாட்டிலைட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்த அறிவு அவருக்கு அப்போது வரவில்லை. "இதோ ஆச்சும்மா, இதோ ஆச்சு," என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனிலிருந்து மாரிச்சாமி இரண்டு தடவை கூப்பிட்டார். "மாப்பிள்ளையோட சிங்கப்பூர்த் தம்பி கேட்டிருக்காருய்யா," என்று ரெங்கசாமி அவர் வாயை அடைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பேரைச் சொன்னபின் பெண் வீட்டுக்காரர் என்ன பேசுவார்? கடைசியில் கைவிட்டு வேனுக்குத் திரும்பக் கூரையை விட்டு வெளியே வந்தபோதுதான் விளக்கு பச்சையானது, அதற்குமேல் படம் எடுக்க நேரம் இல்லை. வேன் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது சோதனைக்காக லாரிகள் வரிசை கட்டி நின்றன.

அந்த இருபத்தைந்து நிமிடம் மட்டும் இல்லையென்றால், ராகுகாலத்துக்கு மூன்று நிமிடம் முன்னாலேயே தாலி ஏறியிருக்கும். ரெங்கசாமி டேப்லெட்டை மூடினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆறு மாதமாக இது அவருக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை என்பதுதான் அதிலும் பெரிய வெட்கம்.

இருந்தாலும் பொய்யே நல்லது என்றுதான் இன்சீனில் இறங்கினார். பொய் சொன்னால் பெண்ணும் பிழைப்பாள், தானும் பிழைக்கலாம்.

தைலம்மாள் ரயில்வே பட்டறையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவரின் விதவை. சாமான் எண்ணி வாங்கிய கணவரைவிட அவளுக்குத்தான் கண் கூர்மை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே தானும் உட்கார்ந்தாள். சிவராஜ் இடுப்பில் கட்டிய லோஞ்சியின் முடிச்சைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தபடி சுவரோரம் நின்றான். கதவுப் பக்கம் ஒரு நீலப் பை கட்டி வைத்திருந்தது. புஷ்பா டீ கொண்டு வந்து வைத்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"அண்ணே, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது," என்றாள் தைலம்மாள். "உங்க ஆல்பம் ஒண்ணு சொல்லுது, அந்த மெஷின் ஒண்ணு சொல்லுது. எது நெசம்?"

ரெங்கசாமி வாயைத் திறப்பதற்குள் புஷ்பா பேசினாள்.

"அன்னிக்கு நாங்கதான் லேட்டா வந்தோம் அத்தை. பாலத்துல நிறுத்திட்டாங்க. எங்க பக்கத்துத் தப்புதான்."

அவர் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முறை முறைத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ரயிலில் தயாராக்கி வைத்திருந்த பொய்யை அவசரமாக வெளியே எடுத்தார்.

"லேட்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. புது மெஷின். எனக்குச் சரியா வைக்கத் தெரியல. அரை மணி கூடுதலாக் காட்டுது. ஆல்பத்துல இருக்கிறதுதான் நேரம்."

தைலம்மாள் நீளமாக மூச்சு விட்டாள். வேலை முடிந்தது என்று நினைத்து ரெங்கசாமி டீயை எடுத்தார்.

"அப்ப நேரத்துல குறை இல்ல," என்றாள் அவள். "சரிதான். அப்ப குறை இவ உடம்புலதான்."

சிவராஜ் தரையைப் பார்த்தான்.

"அதையும் தெரிஞ்சுக்கிட்டது நல்லதாப் போச்சு. நேரத்துக் குறைன்னா பரிகாரம் செஞ்சு பார்க்கலாம்னு மனசுல ஒரு ஓரத்துல இருந்துச்சு. உடம்புக் குறைக்கு நான் எங்க போவேன்?"

பொய் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் ரெங்கசாமிக்கு உறைத்தது. நேரம் தப்பு என்றாலும் இவள்தான் போக வேண்டும், நேரம் சரி என்றாலும் இவள்தான் போக வேண்டும். அரை மணியை முன்னால் தள்ளினாலும் பின்னால் தள்ளினாலும் இந்தப் பெண் நிற்க அதில் இடம் இல்லை. பதினெட்டு வருடம் பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா. நான் சொன்னது பொய். மெஷின் சொல்றதுதான் நெசம். தாலி பத்து அம்பத்திரண்டுக்குத்தான் ஏறுச்சு. கேமராவுல மணியை அரை மணி குறைச்சு வச்சது நான்."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் அப்படித்தான் வைக்கிறேன். பதினெட்டு வருசமா."

தைலம்மாளுக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் பார்வை சுவருக்குப் போனது. அங்கே அவளுடைய மகள் பிரேமாவின் கல்யாணப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ரெங்கசாமி எடுத்த படம். மூலையில் எட்டு ஐம்பது.

"பிரேமாவுக்கும்?"

"பிரேமாவுக்கும்தான். சனிக்கிழமை. ஒம்போதோட முகூர்த்தம் முடிஞ்சு ராகுகாலம் வந்துருச்சு. தாலி ஏறுனது ஒம்போது இருபது. பெகுலேருந்து தாய்மாமன் வர்ற ரயில் லேட்டு. அண்ணன் வராம தாலி கட்டக்கூடாதுன்னு நிறுத்தி வச்சது நீங்கதான்."

மழை தகரத்தில் கொட்டியது. பிரேமாவுக்கு மோல்மேனில் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு எட்டு வயது. படத்துக்குக் கீழேயே அவர்கள் படமும் இருந்தது. தைலம்மாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு ஒம்போது மணிச் சங்கு பட்டறையில ஊதுச்சு. காதுல விழுந்துச்சு. அப்புறம் உங்க ஆல்பம் வந்துச்சு. எட்டு அம்பதுன்னு பார்த்ததும், காது தப்பாக் கேட்டிருக்கும்னு விட்டுட்டேன்."

ரெங்கசாமி டேப்லெட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று இருந்தது, அதுதான் பெரியது.

"லேட்டானதுக்குப் பொண்ணு வீடும் காரணம் இல்ல, பாலமும் காரணம் இல்ல. இந்தப் படத்தைப் பாருங்க. பதினோரு படம். மெஷினுக்கு இது எந்த இடம்னே தெரியாது. எனக்குத் தெரியும்." வரைபடத்தில் ஆற்றங்கரை ஓரமாக, புள்ளி எதுவும் இல்லாத ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இங்க. கியாக்தான் படகுத்துறை. வேனை நிறுத்தி இந்தப் பிள்ளையை இறக்கி, விளக்கு பச்சையாகணும்னு இருபத்தஞ்சு நிமிசம் நிக்க வச்சது நான். அவ இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல. மாப்பிள்ளை வீட்டுப் பேரைச் சொல்லித்தான் நிறுத்தினேன்."

தைலம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். முதல் படத்தில் புஷ்பா நன்றாகச் சிரித்தாள். நான்காவதில் வெயில் முகத்தில் விழுந்திருந்தது. ஏழாவதில் மாலையின் கனம் தாங்காமல் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பத்தாவதிலும் சிரிப்பு இருந்தது, ஆனால் காலை மாற்றி மாற்றி நின்றதில் புடவைக் கொசுவம் கோணியிருந்தது. பதினோராவது படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை, வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினைப் பற்றியோ, நேரத்தைப் பற்றியோ தைலம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள்.

"இத்தனை நேரம் நின்னியா? வலிக்கலையா உனக்கு?"

புஷ்பா உடனே இல்லை என்று சொல்லப் பார்த்தாள். பழக்கம். உதடு வரைக்கும் வந்தது. பிறகு அவள் முகம் கலைந்தது.

"வலிச்சுது அத்தை," என்றாள். "ரொம்ப வலிச்சுது. யாருமே கேக்கல."

அவள் படகுத்துறையைச் சொல்லவில்லை என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சிவராஜ் சுவரை விட்டு நகர்ந்து, யாரும் சொல்லாமலே வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். ஆறு மாதத்தில் அவன் செய்த உருப்படியான முதல் காரியம் அதுதான்.

தைலம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் வாசலில் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. மாரிச்சாமி, நனைந்த வேட்டியோடு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்.

"வாங்க அண்ணே," என்றாள் தைலம்மாள். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும். புள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, ஒரு மாசம் நல்லா ஓய்வெடுக்கட்டும். ஆவணி முதல் தேதி நானே கியாக்தானுக்கு வர்றேன். படகுத்துறைக்கு வந்து நிக்கச் சொல்ல மாட்டேன், வீட்டுக்கே வந்து கூட்டிக்கிறேன்."

மாரிச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். பெண்ணைப் பெற்றவர் அல்லவா.

ரெங்கசாமி எழுந்தார். தைலம்மாள் வாசல் வரைக்கும் வந்தாள். மழை சற்று விட்டிருந்தது.

"ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணே. எத்தனை வீட்டு ஆல்பம் இருக்கு, எத்தனை பொண்ணுங்க இருக்காங்க. ஆனா இனிமே என் வீட்டு விசேசத்துக்கு நீங்க படம் எடுக்க வரவேணாம்."

"சரிம்மா," என்றார் ரெங்கசாமி. அது நியாயமாகத்தான் பட்டது, வலிக்கவும் செய்தது.

ஸ்டேஷனில் ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. பையிலிருந்து கேமராவை எடுத்து, மெனுவில் அன்று ஒரு நாள் வேண்டாம் என்று அழுத்திய கேள்வியைத் தேடிப் பிடித்தார். இந்த முறை கூரைக்கு அடியில் நிற்காமல், பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய்த் தூறலில் நின்றார். சிவப்பு விளக்கு மினுக்கியது. வரப்போகிற ஆவணியில் அவருக்கு இரண்டு கல்யாணம் இருந்தது. அதில் தாலி நேரம் தவறினால் படத்திலும் தவறிய நேரமே அச்சாகும் என்பதை இரண்டு வீட்டுக்கும் நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொன்னபின் அவர்கள் கூப்பிடுவார்களா என்பது தெரியாது.

விளக்கு பச்சையானது. கடிகாரம் பத்து நாற்பதிலிருந்து பதினொன்று பத்துக்குத் தாவியது. பதினெட்டு வருடத்துப் பழக்கத்தில் அவர் மனசு மட்டும், கூட்டுவதற்கு அரை மணியைத் தேடிக்கொண்டிருந்தது.